எட்டாவது சாண்

குன்றக்குடி வளைவில் ஒரு மணல் லாரியை நம்பி
பைக்கோடு விழுந்தேன்.
கேமரா பிழைத்தது.
கழுத்துக்குப் பட்டை போட்டார்கள்.
ஆறு வாரம் கழற்றாதீர்கள் என்றார் ஃபிசியோ ஜெசிந்தா.
மூன்றாவது வாரத்தில் முகூர்த்தம் இருந்தது,
அட்வான்ஸும் செலவாகியிருந்தது.

பட்டையோடு நடந்தபோதுதான் தெரிந்தது
உலகம் குதிக்கிறது என்று.
நூறடி ரோட்டில் டீக்கடைப் பலகை
என் குதிகால் தரையில் படும்போதெல்லாம்
ஒரு விரல்கடை எகிறி இறங்கியது.
வடை விலை படிக்க
நான் நிற்க வேண்டியிருந்தது.

எகிறுவது பலகையில்லை, நீங்கள்தான், என்றார் ஜெசிந்தா.
எல்லோரும் எகிறுகிறோம்.
ஒவ்வோர் அடியும் ஒரு சின்ன இடி.
முழங்கால் கொஞ்சம் விழுங்கும், இடுப்பு கொஞ்சம்,
முதுகு வளைந்து நெளிந்து இன்னும் கொஞ்சம்.
மிச்சம் மீதியைக் கழுத்து வாங்கிக்கொள்ளும்:
உடம்பு ஏறும்போது மூக்கு ஒரு நூல் தாழும்,
உடம்பு தாழும்போது ஏறும்.
தோள் இடப்பக்கம் திரும்பினால்
கழுத்து வலப்பக்கம் திருப்பிக் கணக்கை நேர் செய்யும்.
இப்போது அந்தக் கணக்கப்பிள்ளையைத்தான்
கட்டிப் போட்டிருக்கிறோம்.

இதே வேலைக்கு என் பையில்
நாற்பத்திரண்டாயிரத்துக்கு ஒரு கிம்பல் இருக்கிறது.
தவணை இன்னும் ஏழு பாக்கி.
கழுத்துக்கு நான் ஒரு பைசா கட்டியதில்லை.

கானாடுகாத்தானில் கல்யாணம்.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்;
இடையில் வெட்டே இல்லாமல்
ஒரே ஷாட் கேட்டிருந்தார்கள்.
திருப்பூட்டு முடிந்து சிகப்பி எழுந்தாள்,
கழுத்தில் கழுத்திரு.
எத்தனை பவுன் என்று கேட்பது மரியாதையில்லை.
நாலு பேர் கேட்டார்கள்,
நாலு கணக்குக் கிடைத்தது.

அவள் முன்னே நடக்க நான் பின்னே நடந்தேன்,
பின்னே என்றால் பின்பக்கமாகவே.
சோலைராசு என் பெல்ட்டைப் பிடித்திருந்தான்.
நிலை, அண்ணே. கோலம், அண்ணே. குழந்தை, அண்ணே.
இரண்டாம் கட்டில் பேட்டரி தீர்ந்தது.
அறுத்த கோழிபோல் கிம்பல் தொங்கிவிட்டது.
சோலைராசு வண்டிக்கு ஓடினான்.
கையில் பிடித்துக்கொண்டே நான் நடந்தேன்,
பட்டை இறுக்கிய ஒரே கட்டையாக.

திரையில் தூண் குதித்தது, ஓடு குதித்தது,
மாப்பிள்ளை வள்ளியப்பன் மீசையோடு குதித்தார்.
கண்ணை எடுத்து நேரே பார்த்தேன்.
அவள் இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம்,
மார்பில் அத்தனை பொன்னும்
இடித்துக்கொண்டு ஊசலாடியது.
நெற்றிச்சுட்டி மட்டும்
கொத்தனார் விட்ட தூக்குக்குண்டாக
நேராக நின்றது.

அண்ணே, கீழே படி,
என்றாள் சிகப்பி, உதடு அசையாமல்.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்.
யார் சொன்னதோ தெரியவில்லை.
ஏதோ ஒரு சிரசுதான் சொல்லியிருக்கும்.
மற்ற ஏழு சாணும் அதைச் சுமந்தபடி
எங்கோ நடந்துகொண்டிருந்திருக்கும்,
தளும்பவிடாமல்,
பேச நேரமில்லாமல்.

ஆல்பம் கொடுத்த அன்று
பெண்ணின் சித்தப்பா அடைக்கப்பன் கேட்டார்,
ஏன் தம்பி, இரண்டாம் கட்டில் மட்டும்
வீடு குதிக்கிறதே?
பூகம்பம் என்று சொல்லலாமா என்று பார்த்தேன்.
ஐயாயிரம் குறைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் முடிந்த சனிக்கிழமை
பட்டையைக் கழற்றினார்கள்.
வேர்க்குருவும் பவுடர் வாசனையுமாக
யாருடைய கழுத்தோ மாதிரி இருந்தது.
பஸ் ஸ்டாண்டு நோக்கி நடந்தேன்.
எதிரே ஒரு டவுன் பஸ், நெற்றியில் எழுத்து.
ஆத்தங்குடி, பலவான்குடி வழி.

நான் ஏறவேண்டிய பஸ் இல்லை.
ஆனாலும் கடைசி எழுத்துவரை படித்தேன்,
நடந்துகொண்டே.